ஆவணியில் தனுஷ்கோடி: பறவையும் பூச்சியும் பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடிக் கடைசியிலிருந்து புரட்டாசிவரை ராமேஸ்வரம் தீவில் கேமராவோடு புதிதாக இறங்குகிறவர்கள் செய்யும் பிழைகள் வருடா வருடம் மாறுவதே இல்லை. தொப்பி, தண்ணீர், வெயில் பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை; அவை ஒருநாள் பட்டாலே புரிந்துவிடும். பட்டும் புரியாமல் தொடர்கிற தவறுகள் வேறு.

பூநாரை இல்லையென்றால் சீசன் இல்லை என்று திரும்பிவிடுவது

2025 ஜூனில் தனுஷ்கோடியைப் பூநாரை சரணாலயமாக அறிவித்ததிலிருந்து எல்லாருக்கும் பூநாரைதான் கணக்கு. கோதண்டராமர் கோவிலை ஒட்டிய தேங்குநீரில் அது நிற்கவில்லை என்றால் வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். வடக்கே, இமயத்துக்கும் சைபீரியாவுக்கும் போய் இனப்பெருக்கம் முடித்த கரைப்பறவைகள் இறங்கத் தொடங்குவது இந்த மாதங்களில்தான். தைமாதத்தில் பார்க்கவே முடியாத இறகுக்கோலங்கள் இப்போது பத்தடிக்கு ஒன்று நிற்கும்.

நிறத்தைப் பார்த்துப் பெயர் வைப்பது

எத்தனை முறை சொன்னாலும் திருந்தாத தவறு இது. கெடுதலும் இதில்தான் அதிகம், ஏனென்றால் தப்பான பெயர் பதிவேட்டில் ஏறிவிட்டால் அதை இறக்க ஆள் கிடைக்காது.

ஆகஸ்ட் கடைசியில் அரிச்சல்முனை மணலில் நிற்கும் மணல் உப்புக்கொத்தி என்ற சிறு கரைப்பறவைக் கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரே இனத்திலேயே மூன்று வயதுநிலைகள் இருக்கும். முதலாவது, போன ஆண்டு பிறந்து, இந்தக் கோடையில் வடக்கே போகாமல் இங்கேயே தங்கிவிட்ட பறவை: சாம்பல் பழுப்பு, வெயிலில் வெளிறி, இறகு ஓரமெல்லாம் பிய்ந்திருக்கும். இரண்டாவது, இனப்பெருக்கம் முடித்து இப்போதுதான் வந்திறங்கிய வளர்ந்த பறவை: நெஞ்சில் செம்பட்டை திட்டுத்திட்டாக, முகத்தில் கறுப்பு மிச்சமாக இருக்கும். மூன்றாவது, ஆகஸ்ட் கடைசியிலிருந்து வந்து சேரும் இந்த ஆண்டுக் குஞ்சு: முதுகிறகு ஒவ்வொன்றுக்கும் வெளிர்மஞ்சள் கரை, செதில் அடுக்கியதுபோல் ஒழுங்காக, ஒன்றுகூடப் பிய்யாமல். நிறத்தை நம்புகிறவர் இந்த ஒரே கூட்டத்தில் மூன்று இனம் எழுதிக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்.

நிறத்தைக் கடைசியில் பாருங்கள். முதலில் பின்கழுத்து. வெள்ளை வளையம் முழுதாகச் சுற்றி வந்தால் அது கென்டிஷ் உப்புக்கொத்தி அல்லது நம் கரையிலேயே வாழும் அனுமன் உப்புக்கொத்தி. மணல் உப்புக்கொத்திகளுக்குப் பின்கழுத்தில் வெள்ளை கிடையாது. இறகு உதிர்ந்தாலும் முளைத்தாலும் இந்த அடையாளம் மாறாது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தங்கி வாழும் அனுமன் உப்புக்கொத்தியைத் தனி இனமாகக் கொள்ளலாம் என்று 2023-ல்தான் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆகவே பழைய கையேட்டில் தேடாதீர்கள்.

அடுத்து அலகு. பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து, அலகின் நீளத்தை அலகடியிலிருந்து கண்ணின் பின்னோரம்வரை உள்ள தூரத்தோடு ஒப்பிடுங்கள். அலகு தெளிவாக நீளம் என்றால் பெரிய மணல் உப்புக்கொத்தி பக்கம். சமமோ குறைவோ என்றால் சின்ன மணல் உப்புக்கொத்தி. இங்கேயும் ஒரு கண்ணி உண்டு. பழைய சின்ன மணல் உப்புக்கொத்தியை 2023-ல் சைபீரியன், திபெத்தியன் என்று இரண்டாகப் பிரித்தார்கள். நம் பக்கம் வருவது பெரும்பாலும் திபெத்தியன், அதற்கோ அலகு சற்று நீளம். அலகை மட்டும் பார்த்து 'பெரியது' என்று போட்டுவிடாமல் காலையும் பாருங்கள்: பெரியதற்கு நெடுங்கால், நிறம் வெளிர்பச்சை கலந்த சாம்பல், பறக்கும்போது விரல்நுனி வாலைத் தாண்டித் துருத்தும். சின்னதற்குக் கால் கருத்திருக்கும், விரல் வாலோடு நின்றுவிடும். எழும்பும்போது பத்துப் படம் வரிசையாக எடுத்தால் ஒன்றிலாவது விரல் விழும்.

கொசு உள்ளான் என்ற குட்டிக் கரைப்பறவை விஷயம் இதைவிட மோசம். ஆகஸ்டில் வரும் வளர்ந்தவற்றுக்கு முகமும் நெஞ்சோரமும் செம்மஞ்சளாக இருக்கும். உடனே 'செங்கழுத்து உள்ளான்!' என்று படம் கிளம்பிவிடும். தொண்டையைப் பாருங்கள். தொண்டை வெள்ளையாக, செம்மை நெஞ்சோரத்தில் புள்ளிகளோடு நின்றால் கொசு உள்ளான். தொண்டையே செங்கல் நிறத்தில், புள்ளியில்லாமல் இருந்தால் மட்டும் அடுத்த பேச்சு. வளைமூக்கு உள்ளான் செம்மைத் திட்டோடு வந்திறங்கும்போதும் இதே கதை. அதை நாட் (Knot) என்ற நேரலகு உள்ளான் என்று எழுதுகிறவர்கள் நீண்டு கீழ்நோக்கி வளைந்த அலகை எப்படித்தான் தவறவிடுகிறார்களோ.

இன்னொன்று. செப்டம்பரில் செதில்முதுகுக் குஞ்சைத் தனியாகப் பார்த்துவிட்டு, 'தாய் இல்லை, பறந்து வந்திருக்க முடியாது, இங்கேதான் பொரித்திருக்கிறது' என்று முடிவுகட்டுவது. இந்த உள்ளான்களில் வளர்ந்தவை முன்னே கிளம்பிவிடும். குஞ்சுகள் பின்னால் தாமாகவே ஆர்க்டிக்கிலிருந்து வந்து சேரும். துணையில்லாமல் வருவது அவற்றின் வழக்கமே. முட்டையையோ பறக்கத் தெரியாத குஞ்சையோ கண்ணால் பார்க்காமல் 'இனப்பெருக்கம்' என்ற சொல்லையே எழுதாதீர்கள்.

உறுதி இல்லையென்றால் இ-பேர்ட் என்ற இணையப் பறவைப் பதிவேட்டில் சாய்வுக்கோடு போட்ட இரட்டைப் பெயர் இருக்கிறது, 'உப்புக்கொத்தி, இனம் தெரியவில்லை' என்பதும் இருக்கிறது. அதில் வெட்கம் எதுவும் இல்லை. காலில் கொடி (ஆய்வாளர்கள் மாட்டிவிடும் சின்ன நிறப்பட்டை) தெரிந்தால் பெயரைவிட அதற்கு முன்னுரிமை கொடுங்கள்: எந்தக் கால், முட்டிக்கு மேலா கீழா, கொடிகளின் நிறம் மேலிருந்து கீழாக, எழுத்து ஏதும் உண்டா. கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாக வளையமிடும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு இந்த நாலு தகவலும் பயன்படும்.

காற்றை மறந்து கரையைத் தேர்ந்தெடுப்பது

இந்த மாதங்களில் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று. தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். பறவைகள் வடகரையின் ஒதுக்கிலும் உள்தேங்கல்களிலும்தான் கூடும். புதியவர்கள் அலை அழகாக இருக்கிறது என்று தென்கரையில் நிற்பார்கள். இங்கே ஓதத்தின் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு, ஆகவே சேற்றுத்தரை எவ்வளவு வெளிப்படும் என்பதில் காற்றுக்கும் பெரிய பங்கு உண்டு. ஓத அட்டவணையை மட்டும் நம்பிக் கிளம்பினால் ஏமாற்றம்தான்.

ஆகஸ்ட் கடைசி வாரத்தில் உச்சிவேளைச் சூரியன் இந்தத் தீவுக்கு நேர் தலைக்கு மேல். காலை ஒன்பதுக்குப் பிறகு கானல் அலையும். ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் 25 மடங்குக்கு மேல் போனால் அலகின் நீளம் கண்ணெதிரே நீண்டு குறுகும். அந்நேரத்தில் எடுத்த முடிவு எதையும் நம்பாதீர்கள். காற்றில் ஆடாதபடி டிரைபாட் காலை முழுதாக நீட்டாமல், உட்கார்ந்து பார்க்கும் உயரத்தில் வையுங்கள். லென்ஸில் மணல் படிந்தால் முதலில் ஊதுகுமிழ், பிறகு நல்ல தண்ணீரில் நனைத்த துணி. வேட்டி நுனியால் துடைத்தால் கண்ணாடியில் கோடு விழும், அதற்கு மருந்தில்லை.

கூட்டத்தை எழுப்புவது

நூறு மீட்டரில் நில்லுங்கள். மேய்ச்சலை விட்டுத் தலையைத் தூக்கினால் அதற்கு மேல் ஓரடியும் வேண்டாம். உட்கார்ந்துவிட்டால் கால்மணி நேரத்தில் அவையே நெருங்கி வரும். பல்லாயிரம் மைல் பறந்து கொழுப்பு கரைந்து வந்த பறவை அது. பறக்கும் படத்துக்காகக் கைதட்டுகிற ஆட்களோடு போகாதீர்கள்.

ஒன்று மட்டும் தனி: அனுமன் உப்புக்கொத்தி இறக்கை ஒடிந்ததுபோல் இழுத்துக்கொண்டு முன்னால் ஓடினால் காலடியில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது என்று பொருள். அதைத் துரத்திப் படம் எடுக்காமல், வந்த தடத்திலேயே கால்வைத்துத் திரும்புங்கள்.

டிரோன்

வேண்டாம். எல்லைப் பகுதி; பறவைக்கோ அது பருந்து.

கறுப்பும் சிவப்பும் கண்டால் ஒரே பட்டாம்பூச்சி என்பது

தீவில் பறக்கும் சிவப்புடல் அழகிக்கு உடல் சிவப்பு. அதைப் போலவே வேஷம் போடும் கறிவேப்பிலை அழகியின் பெண்ணுக்குச் சிறகு அப்படியே இருந்தாலும் உடல் கறுப்பு. சிறகைப் பார்த்து எழுதாமல் உடலைப் பாருங்கள், முடிந்தது. புழுவைத் தேடுவதானால் முன்னதற்கு ஆடுதின்னாப்பாளை, பின்னதற்கு வீட்டுக் கறிவேப்பிலை, எலுமிச்சை. கடலைத் தாண்டக்கூடியது சிவப்புடல் அழகி. இலங்கைக்கும் நமக்கும் இடையே அது போய்வருவது தெரிந்த செய்தி. ஆகவே இரண்டையும் குழப்பினால் வலசைப் பதிவே பாழ்.

தட்டான் திரளைக் கண்டதும் 'கடல் கடந்து வந்தது' என்பது

பொன்மஞ்சள் தட்டான்கள் நூற்றுக்கணக்கில் மணல்மேட்டுக்கு மேல் மிதந்தால் அவை பான்டாலா வகையாக இருக்கலாம். பின்சிறகு உடலோடு சேரும் இடத்தில் கருஞ்சிவப்புத் திட்டு இருந்தால் அது டிரமியா, வேறு வகை. உட்காரும் விதமும் காட்டிக்கொடுக்கும்: பான்டாலா குச்சியிலிருந்து செங்குத்தாகத் தொங்கும், டிரமியா குச்சி நுனியில் கிடையாக நிற்கும்.

இந்தியாவிலிருந்து மாலத்தீவு நோக்கிப் பான்டாலா கடல் கடப்பதை சார்லஸ் ஆண்டர்சன் 2009-ல் எழுதினார். அவை மாலேயில் இறங்குவது அக்டோபரில், வடகிழக்குக் காற்றின் துணையோடு. கச்சான் வீசும் ஆகஸ்டில் உங்கள் தலைக்கு மேல் சுற்றுவது பெரும்பாலும் கொசுவும் ஈயும் பிடித்துத் தின்னும் கூட்டம். வலசையா என்று அறிய இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஐந்து நிமிடம் எண்ணுங்கள்: எந்தத் திசைக்கு எத்தனை, என்ன உயரம், காற்று எங்கிருந்து. இரு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் போனால் அது மேய்ச்சல். ஒரே பக்கம் போனால் மறுபடி பத்து நிமிடம் கழித்து எண்ணி, இரண்டு எண்ணிக்கையையும் நேரத்தோடு எழுதிவையுங்கள்.