தவிடு ஏத்துனா என்சைமும் சேருங்க

மக்காச்சோளம் விலை ஏறுனதும் கோதுமைத் தவிடு, சூரியகாந்தி புண்ணாக்குன்னு நார்ச்சத்து ஐட்டமா பிராய்லர் தீவனத்துல ஏத்துறோம், ஆனா அந்த நார உடைக்கிற என்சைம் கோழிகிட்ட கிடையாது, அதனால தவிட்டுல கரையுற பகுதி குடல்ல கூழாட்டம் கெட்டியாகி சத்து உடம்புல ஒட்டாம எச்சம் பிசுபிசுன்னு விழும், கீழ போட்ட மஞ்சி ஈரமாயி கால் புண்ணு, அமோனியா நாத்தம்னு அடுத்தடுத்து வரும்.

இதுக்கு நார உடைக்கிற சைலனேஸ்ங்கிற என்சைம் சேருங்க, கூடவே பைட்டேஸ்ங்கிற என்சைமும் இருந்தா தவிட்டுல பூட்டிக்கெடக்குற பாஸ்பரஸ் கெடைக்கும். அளவு பாக்கெட்ல போட்டபடிதான், கை அளவெல்லாம் வேணாம். தீவனத்த சூடாக்கி அழுத்தி பெல்லட்டா (உருண்டையா) போடுறவங்க கவனம், 85 டிகிரிய தாண்டுனா சாதா என்சைம் செத்துரும், சூடு தாங்குற வகையான்னு கேட்டு வாங்குங்க.

புரோபயாடிக் (குடலுக்கு நல்லது பண்ற கிருமி) தண்ணில குடுக்குறப்ப குளோரின், ஆன்டிபயாடிக் கலக்காதீங்க, அந்தக் கிருமி செத்து காசு தண்டம். முதல் ரெண்டு வாரக் குஞ்சுக்கு தவிட்டக் கொறச்சே போடுங்க.