சி மொழியில் 'யாழ்ப்பாணம்' வெட்டுப்படாமல் இருக்க

ஏ.எல். படிக்கும் தங்கையின் மகன் ஒரு செய்நிரலைக் கொண்டுவந்து காட்டினான். பஸ் ரிக்கற்றில் ஊர்ப் பெயருக்கு 10 இடம். 'யாழ்ப்பாணம்' என்று கொடுத்தால் 'யாழ' என்று வந்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறிப் பெட்டி. "பத்து எழுத்துக்கூட இல்லையே மாமா, பிறகேன் வெட்டுது?"

எண்ணிப் பார்ப்போம். கண்ணுக்கு 6 எழுத்து. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யுனிகோடுக்கு 11 குறியீடு. அரவும் (ா) புள்ளியும் அங்கே தனிக்கணக்கு. அந்த எண்களைப் பைற்றுகளாக எழுதும் யூரிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைற்று, ஆக 33. செய்நிரல் எண்ணுவது பைற்றைத்தான். பத்தோடு வெட்டினால் ய, அரவு, ழ மூன்றும் 9 பைற்றை எடுத்துக்கொள்ளும். மிச்சம், புள்ளியின் முதல் பைற்று மட்டும் அந்தரத்தில் நிற்கும். அதுதான் அந்தப் பெட்டி.

இதை, ஒரு குறியீட்டுக்கு ஒரே எண் என்று வைக்கும் அகல எழுத்தாக மாற்றினால் 224, 174, 175 என்ற மூன்று பைற்றும் 2991 என்ற ஒரே எண்ணாகும். அதுதான் 'ய'.

முதலில், மெயினுக்குள் நுழைந்ததும் மொழிச் சூழலை அமைக்கும் செட்லோகேலை எல்சி_ஆல், வெற்றுச் சரம் இரண்டும் கொடுத்து அழையுங்கள். இதை விட்டால் தமிழ் ஒழுங்காக மாறாது. பலர் மறப்பது இந்த ஒரு வரியைத்தான்.

அடுத்து, பைற்றுச் சரத்தை அகல எழுத்தாக மாற்றும் எம்பிஎஸ்டூடபிள்யூசிஎஸ். சேருமிடத்தில் நல் (வெற்றுச் சுட்டி) கொடுத்து ஒருமுறை அழைத்தால் எத்தனை இடம் வேண்டும் என்று லினக்ஸில் சொல்லிவிடும்: 11. பிழையான பைற்று இருந்தால் மைனஸ் 1 வரும். ஆனால் அது மைனஸ் குறியே இல்லாத சைஸ்_டி எண்வகை; 'பூச்சியத்தைவிடக் குறைவா' என்று கேட்டால் ஒருநாளும் பிடிபடாது. சைஸ்_டி ஆக்கிய மைனஸ் 1 உடன் சமமா என்றே பாருங்கள்.

சரி, இப்போது நினைவகத்தில் இடம் ஒதுக்கும் மல்லொக். முடிவுக்குறிக்கும் ஒன்று சேர்த்து 12 இடம். லினக்ஸில் ஒன்றுக்கு 4 பைற்றுப்படி 48. அதே 12ஐக் கொடுத்து இரண்டாம் முறை அழைத்தால் மாற்றம் முடிந்தது. அச்சிட பிரிண்ட்எஃப், சதவீதக்குறியோடு எல், எஸ். அதே திரையில் அகல எழுத்துக்கென்று உள்ள டபிள்யூபிரிண்ட்எஃப்பையும் கலக்காதீர்கள். இரண்டில் ஒன்று வாய் திறக்காது. கடைசியில், ஒதுக்கிய இடத்தைத் திருப்பிக் கொடுக்கும் ஃப்ரீ.

இனி 10இல் வெட்டினால்? 'யாழ்ப்பாணம'. புள்ளி போய்விட்டது! வெட்டும் இடத்தில் 3006 முதல் 3021 வரையான எண்ணோ 3031ஓ நின்றால் அது ஒட்டுக்குறி. ஒரு எழுத்து பின்னுக்குப் போய் வெட்ட வேண்டும். மருமகனுக்கு அவ்வளவு பொறுமையில்லை. ரிக்கற்றில் இடத்தை 15 ஆக்கிவிட்டான். காங்கேசன்துறைக்கு 13 போதும்.