கர்சர் கொண்டு வினவல் முடிவுகளை வரிசை வரிசையாகப் படிப்பது எப்படி?

தரவுத்தளத்திடம் கேட்கும் வினவலுக்கு விடையாக வரும் வரிசைகளில் இதுவரை எத்தனையைப் படித்து முடித்தோம் என்பதை நினைவில் வைத்திருப்பதே கர்சரின் வேலை. பைத்தான் நிரல்மொழியில் தரவுத்தள இணைப்பிடமிருந்து ஒரு கர்சரைப் பெற்று, எக்ஸிகியூட் மெத்தடின் மூலம் வினவலை இயக்கியபின், ஃபெட்ச்ஒன் மெத்தடை அழைக்கும் ஒவ்வொரு முறையும் அடுத்த வரிசை ஒரு டூப்பிளாக (மாற்ற முடியாத மதிப்புத் தொகுப்பாக) கிடைக்கும். வரிசைகள் தீர்ந்துவிட்டால் 'நன்' (None, ஒன்றுமில்லை) என்ற மதிப்பு வரும். எஸ்கியூலைட், போஸ்ட்கிரெஸ் ஆகிய தரவுத்தளங்களுக்கு உரிய நூலகங்களில் கர்சரையே ஃபார் மடக்கில் நேரடியாக வைத்துச் சுற்றலாம் என்பதால், ஃபெட்ச்ஒன்னைக் கையால் அழைக்க வேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை.

சில நூறு வரிசைகள்தாம் வரும் என்று உறுதியாகத் தெரிந்தால், எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தரும் ஃபெட்ச்ஆல் போதும். வரிசைகள் இலட்சக்கணக்கில் இருக்கும்போது அனைத்தையும் ஒரே பட்டியலாக நினைவகத்தில் ஏற்றாமல், ஃபெட்ச்மெனியிடம் 500 என்பதுபோல ஓர் எண்ணிக்கையைக் கொடுத்து, வெற்றுப் பட்டியல் திரும்பும்வரை தொகுதி தொகுதியாகப் படிப்பதே நல்லது. எண்ணிக்கையைக் கொடுக்க மறந்தால் அது கர்சரின் அரேசைஸ் மதிப்பை எடுத்துக்கொள்ளும். அதன் இயல்பு மதிப்போ 1 மட்டுமே.

மடக்கில் ஒவ்வொரு வரிசையாகப் படிப்பதாலேயே நினைவகம் மிச்சமாகிவிடும் என்று நம்பிவிடக் கூடாது. எஸ்கியூலைட் கேட்கக் கேட்க வரிசைகளைத் தருகிறது. போஸ்ட்கிரெஸுக்கான சைக்கோபிஜி2 நூலகத்தின் சாதாரணக் கர்சரோ, எக்ஸிகியூட் முடிவதற்குள்ளேயே முழு விடையையும் நம் நிரலின் பக்கம் கொண்டுவந்து சேர்த்துவிடும். கர்சரை உருவாக்கும்போதே அதற்கு ஒரு பெயர் கொடுத்தால்தான் விடை சேவையகத்தில் தங்கி, மடக்கு சுற்றும்போது 2000 வரிசைகள் கொண்ட தொகுதிகளாக வரும். இந்த அளவை இட்டர்சைஸ் மூலம் மாற்றிக்கொள்ளலாம். பெயருள்ள கர்சர் தன் பரிவர்த்தனை முடியும்வரைதான் உயிரோடிருக்கும் என்பதால், நடுவில் கமிட் செய்ய (மாற்றங்களை உறுதிசெய்து பரிவர்த்தனையை முடிக்க) வேண்டியிருந்தால் வித்ஹோல்ட் என்ற விருப்பத்தையும் முன்பே இயக்கியிருக்க வேண்டும்.

இவற்றைவிட அடிக்கடி ஆளைக் கவிழ்ப்பது, சுற்றிக்கொண்டிருக்கும் அதே கர்சரில் இன்னொரு வினவலை இயக்குவது. ஆர்டர்களைப் படிக்கும் மடக்குக்குள், ஒவ்வோர் ஆர்டரின் நிலையையும் மாற்றும் அப்டேட் வினவலை அதே கர்சரிலேயே இயக்கினால், படிக்காமல் எஞ்சியிருந்த வரிசைகள் கைவிடப்படும். எஸ்கியூலைட்டில் முதல் ஆர்டரோடு மடக்கு முடிந்துவிடும், பிழைச்செய்தி எதுவும் வராது, நிரல் வெற்றிகரமாக ஓடியதுபோலவே தோன்றும். படிக்க ஒன்று, எழுத ஒன்று என இரண்டு கர்சர்களை வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் வராது. ஒரே அப்டேட் வினவலால் முடிகிற காரியத்துக்கு மடக்கே வேண்டாம் என்பது வேறு விஷயம்.

வேலை முடிந்ததும் கர்சரையும் இணைப்பையும் மூடிவிட வேண்டும். எஸ்கியூலைட் இணைப்பை வித் தொகுதிக்குள் எழுதினால் அது கமிட் அல்லது ரோல்பேக் (மாற்றங்களைத் திரும்பப் பெறுதல்) மட்டுமே செய்யும், இணைப்பை மூடாது. அதற்கு குளோஸ் மெத்தடை நாமே அழைக்க வேண்டும்.