நாள் முழுவதும் தேவனை நினைத்திருக்க விரும்புகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் ஜெபக்குழுவில் புதிதாகச் சேர்கிறவர்களில் பலர், "நாள் முழுவதும் கர்த்தரை நினைத்திருக்க வேண்டும்" என்ற வாஞ்சையோடு வருகிறார்கள். சில வாரங்களிலேயே முகம் வாடிவிடுகிறது. விசாரித்தால், ஆரம்பத்தில் நான் இடறிய அதே இடங்களில்தான் இடறி நிற்கிறார்கள். செல்போனைத் தள்ளி வையுங்கள், நேரத்தோடு தூங்குங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதை விட்டுவிடுகிறேன்.

வேலையை தேவனுக்குப் போட்டியாக நினைப்பது

"இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள்" என்று வாசித்துவிட்டு, வேலையில் மூழ்கிய நேரமெல்லாம் தேவனை விட்டு விலகிய நேரம் என்று எண்ணிக் கலங்குகிறார்கள். அந்த வசனம் 1 தெசலோனிக்கேயர் 5:17. அதே நிருபத்தின் 2:9-இல், ஒருவருக்கும் பாரமாயிராதபடி இரவும் பகலும் வேலை செய்ததாகப் பவுல் சொல்கிறார். கூடாரம் பண்ணுவது அவர் தொழில் (அப்போஸ்தலர் 18:3). கையிலுள்ள வேலையில் கண் வைக்காமல் யாரும் கூடாரம் பண்ண முடியாது. மருந்து கொடுக்கிற நர்ஸ் அந்த நேரத்தில் மருந்தின் அளவைத்தான் கவனிக்க வேண்டும். தொடங்கும்முன் வேலையை அவரிடம் ஒப்புக்கொடுங்கள். முடிந்ததும் நன்றி சொல்லுங்கள். நடுவே மூச்சு விட இடம் கிடைத்தால் ஒரு வார்த்தை பேசுங்கள். அது போதும்.

மனதைக் காலியாக்க முயல்வது

காலியான மனதில் கவலைதான் முதலில் வந்து உட்காரும். மனதுக்கு ஒரு வசனம் கொடுங்கள். எகிப்தின் வனாந்தரத் துறவிகளிடம் கற்ற வழக்கத்தை 5-ஆம் நூற்றாண்டில் ஜான் காசியன் எழுதிவைத்தார். எந்த நிலையிலும் சொல்லும்படி அவர் தந்த ஜெபம் சங்கீதம் 70:1: "தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்." பயத்திலும் சொல்லலாம், எரிச்சலிலும் சொல்லலாம், எல்லாம் நன்றாய்ப் போகும் நேரத்திலும் சொல்லலாம்.

மதிப்பெண் போடுவது

இன்று எத்தனை முறை அவரை நினைத்தேன் என்று நோட்டில் எழுதி மதிப்பெண் போட வேண்டாம். அந்த நோட்டில் நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது உங்களைத்தான்.

அலைந்துபோன மனதோடு திரும்பி வரத் தயங்குவது

அதிக நஷ்டம் உண்டாக்குவது இதுதான். ஒரு சகோதரி காலையில் சங்கீதம் வாசித்து, சந்தோஷமாக வேலைக்குப் போயிருக்கிறார். அங்கே ஒருவர் சுருக்கென்று ஏதோ சொல்லிவிட்டார். மனம் அதையே மென்றுகொண்டு மதியம்வரை போய்விட்டது. மதியம் திடீரென்று ஆண்டவர் நினைவு வந்தது. அந்த நினைவே கிருபை. அந்த நொடியிலேயே "ஆண்டவரே" என்று கூப்பிட்டிருக்கலாம். அந்தச் சகோதரியோ, "இந்த மனதோடு அவர் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? ராத்திரி முழங்காலில் நின்று ஒழுங்காக அறிக்கையிடுகிறேன்" என்று தள்ளிப்போட்டார். ராத்திரி அசதி. மறுநாள் குற்றவுணர்வில் வேதத்தையே திறக்கவில்லை. மனம் அலைந்தது ஒரு காலைப்பொழுது. அதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டு விலகியிருந்தது ஒன்றரை நாள்.

இதைத் தாழ்மை என்று பாராட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்னமும் கோபம் வருகிறது. ஏதேனில் ஆதாமும் ஒளிந்துகொண்டுதான் நின்றான். தேடி வந்தவர் தேவன். லூக்கா 15-ஐ நிதானமாக வாசியுங்கள். சொத்தை வாங்கிக்கொண்டு போய் அழித்துவிட்டு வீடு திரும்பும் இளைய குமாரன், தகப்பனிடம் சொல்ல வேண்டியதை வழியிலேயே தயார் செய்கிறான். "உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்" என்பது அதன் கடைசி வரி. வீட்டுக்கு வந்தபின் அந்த வரியை அவன் சொல்லவே இல்லை. அதற்குள் தகப்பன் உயர்ந்த வஸ்திரத்தைக் கொண்டுவரச் சொல்லிவிட்டார். நாமோ ராத்திரிவரை அந்த வரியை ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அலைவது வேறு, பாவம் வேறு என்பதையும் பிரித்துப் பாருங்கள். நாளைய வேலையைப் பற்றி மனம் ஓடியதற்கு மன்னிப்புக் கேட்டுப் புலம்ப வேண்டியதில்லை, திரும்பினால் போதும். பழிவாங்கும் எண்ணத்தை வளர்த்துக்கொண்டிருந்தால் அது பாவம். அதையும் அங்கேயே, நின்ற இடத்திலேயே, பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள். பாவங்களை அறிக்கையிட்டால் அவர் மன்னிப்பார் என்கிற 1 யோவான் 1:9 ராத்திரிவரை காத்திருக்கச் சொல்லவில்லை. 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் மடமொன்றின் சமையலறையில் உழைத்த சகோதரர் லாரன்ஸ், தவறினால் தவறை ஒப்புக்கொள்வார், பிறகு அதைப்பற்றி மனதை அலட்டிக்கொள்ளாமல் வேலையைத் தொடர்வார். பாவத்தை லேசாக எடுத்துக்கொள்கிறவர் அப்படிச் செய்ய முடியாது. சிலுவையில் தன் கடன் தீர்ந்தது என்று நம்புகிறவர்தான் செய்ய முடியும்.

உணர்ச்சி வரட்டும் என்று காத்திருப்பது

வறண்ட நாளிலும் பேசுங்கள். அவர் உங்கள் வலதுபாரிசத்தில் இருப்பது உங்கள் உணர்ச்சியைப் பொறுத்ததல்ல.

தனி ஜெபத்தை விட்டுவிடுவது

கொஞ்சம் பழகியபின் வரும் தவறு இது. "நாள் முழுக்கத்தான் பேசுகிறேனே, தனியாக எதற்கு?" என்பார்கள். பெர்சிய ராஜாவுக்குப் பானபாத்திரக்காரராயிருந்த நெகேமியாவை உதாரணம் காட்டுவார்கள்: ராஜா கேட்ட கேள்விக்கும் தன் பதிலுக்கும் நடுவில் அவர் ஜெபித்தார் (2:4). உண்மைதான். ஆனால் முதல் அதிகாரத்தை விட்டுவிடுகிறார்கள். எருசலேமின் மதில் இடிந்துகிடக்கிறது என்ற செய்தி அவருக்குக் கிஸ்லேவு மாதத்தில் வந்தது. ராஜாவிடம் பேசியது நிசான் மாதத்தில். இடையில் ஏறக்குறைய நான்கு மாதங்கள். செய்தியைக் கேட்ட நாளிலேயே அவர் உட்கார்ந்து அழுது, உபவாசித்து, இரவும் பகலும் ஜெபிக்கத் தொடங்கியிருந்தார். அரசாங்கப் பொறுப்பில் இருந்த தானியேலும் தினம் மூன்று வேளை முழங்காற்படியிட்டார். அவர்களைவிட நமக்கு வேலை அதிகம் என்று சொல்ல முடியாது. காலையில் பத்து நிமிடம்தான் கிடைக்கிறது என்றால், அந்தப் பத்து நிமிடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.