அம்மாவின் இடுப்புக்கு ஒரு துண்டு

தென்னாப்பிரிக்காவில், டர்பனை ஒட்டிய எங்கள் சாட்ஸ்வர்த்திலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகருக்குக் காரில் ஒரு மணி நேரப் பயணம்தான். புனித வெள்ளியன்று அங்கே தீமிதி பார்க்கப் போனால், காரைவிட்டு இறங்குவதற்குள் அம்மா தவித்துப் போவார். இடுப்பு வலி. கடையில் வாங்கிய தடிமனான குஷன் வம்பாகிவிட்டது: ஆள் உயர்ந்து, சீட் பெல்ட் இடுப்பெலும்பை விட்டு வயிற்றில் ஏறியது. அதைத் தூக்கிப் போட்டேன்.

பழைய குளியல் துண்டைச் சுருட்டி, ரப்பர் பேண்ட் மாட்டி, இடுப்பின் உட்குழிவுக்கு நேராக வைத்தேன். சற்று மேலே போனாலும் முதுகைத் தள்ளும். இரண்டு மூன்று முறை நகர்த்தித்தான் சரியான இடம் பிடிபட்டது. சாய்மானத்தை 100, 110 டிகிரிக்குச் சாய்த்தேன். இருக்கையின் பின்பக்கப் பள்ளத்தில் மெல்லிய போர்வை ஒன்று, முழங்கால் இடுப்பைவிட உயராமல் இருக்க. அப்புறம், பாதி வழியில் 5 நிமிடம் நடை. இந்த வருடம் அம்மா தானே கதவைத் திறந்து இறங்கினார்.