வண்டி நேராத்தான் போகுது, அலைன்மென்ட் எதுக்கு?

சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மை மாற்றிய கையோடு காரைக்குடியிலிருந்து திருமயம் ரோட்டில் ஒரு ஓட்டம், நடுவில் ஸ்டியரிங்கை லேசாக விட்டுப் பார்ப்பது. இழுக்கவில்லையா, சரி, சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் அலைன்மென்ட்டுக்கான காசு மிச்சம். பலர் செய்யும் தவறு இதுதான்.

முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே அளவுக்கு உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருந்தால் வண்டி நேராகத்தான் போகும், டயர்தான் தேயும். இந்தக் கோணத்தை டோ என்பார்கள். டயரின் மேல் உள்ளங்கையை வெளியிலிருந்து உள்ளே, பிறகு உள்ளிருந்து வெளியே தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பப் பல்லாகவும் உறுத்தினால் டோ தவறியிருக்கிறது. கம்பி தெரியும் டயரில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள்.

ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்டு, ராக் எண்டு, லோயர் ஆர்ம், அதன் பால் ஜாயிண்ட், அதன் ரப்பர் புஷ், காயில் ஸ்பிரிங் இவற்றில் எதை மாற்றினாலும் அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும். முன் ஷாக் அப்சார்பரும் இதில் சேர்த்திதான். நம் சின்ன கார்களில் அது குலுங்கலை மட்டும் தாங்குவதில்லை, சக்கரத்தை நிமிர்த்திப் பிடித்திருப்பதும் அதுவே. கீழே உள்ள இரண்டு போல்ட்டைக் கழற்றி மாட்டும்போது துளையில் இருக்கும் மயிரிழை இடைவெளியிலேயே கேம்பர், அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணம், மாறிவிடும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் கம்பியின் லிங்க் ராடு, புஷ் மாற்றியதற்கெல்லாம் அலைன்மென்ட் தேவையில்லை. பின்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் டார்ஷன் பீம் என்ற உத்தரம் உள்ள ஹேட்ச்பேக்கில் பின் ஷாக் அப்சார்பர் மட்டும் மாற்றினாலும் வேண்டாம். அங்கே திருகிச் சரிசெய்யப் பெரும்பாலும் எதுவும் இருக்காது. எண்பதுக்கு மேல் போனால் ஸ்டியரிங் நடுங்குகிறதா? முதலில் சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமமாக்கும் பேலன்சிங் பாருங்கள்.

செட்டிநாட்டில் பூட்டிய வீட்டு வாசலிலேயே நின்று, கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டும் கிளம்பும் கார்கள் உண்டு. கிலோமீட்டர் குறைவுதானே என்று புஷ்ஷை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ரப்பருக்கு ஓட்டம் மட்டும் கணக்கில்லை, வயசும் சேர்த்திதான். வெடித்த புஷ்ஷோடு அலைன்மென்ட் செய்தால், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் சக்கரம் இடம் மாறும். மாற்ற வேண்டியதை மாற்றிய பிறகே மெஷினில் ஏற்ற வேண்டும்.

புதுப் புஷ் சீக்கிரம் கிழிய இன்னொரு காரணம், சக்கரம் தொங்கும்போதே லோயர் ஆர்ம் போல்ட்டை முழுசாக இறுக்கிவிடுவது. வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகு இறுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கியபடியே நிற்கும்.

“பழைய டை ராடு எண்டு எத்தனை சுற்றில் கழன்றதோ, அத்தனை சுற்றுதான் மாட்டியிருக்கேன்” என்பார் மெக்கானிக். நல்ல பழக்கம்தான், ஆனால் அது அலைன்மென்ட் கடை வரை ஓட்டிப்போக மட்டுமே உதவும். கடையில் முதலில் டயர் காற்றைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகள் உள்ள தாளையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.