டெல்டா கிராமங்களில் திருச்சபைகளின் வழியாக மக்களை ஒன்றுதிரட்டுவது எப்படி

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் திருச்சபைகளைச் சார்ந்து மக்களை ஒன்றுதிரட்டும் பணிக்கு வருகிறவர், முதல் மூன்று மாதங்களுக்குக் கூட்டம் எதையும் கூட்டாமல் இருப்பது நல்லது. விவிலியத்தில், எருசலேமுக்கு வந்து சேர்ந்த நெகேமியா, இடிந்து கிடந்த மதிலைப் பற்றி எவரிடமும் வாய் திறக்காமல், இரவில் சிலரோடு மட்டும் புறப்பட்டு அதைச் சுற்றிப் பார்த்த பிறகே மக்களிடம் பேசினார். நமக்கும் அந்த வரிசையே பொருந்தும்.

நம் பகுதியில் திருச்சபை என்பது ஒன்றல்ல. 1706இல் தரங்கம்பாடியில் ஜெர்மானிய அருட்பணியாளர் சீகன்பால்கு வந்திறங்கிய நாள்முதல் வேர்விட்ட லுத்தரன் சபைகளும், வேளாங்கண்ணிக்கும் பூண்டிக்கும் நடைப்பயணம் போகிற கத்தோலிக்கப் பங்குகளும், தென்னிந்தியத் திருச்சபையின் சேகரங்களும் (இரண்டும் ஒரு குருவின் பொறுப்பில் உள்ள சபைப் பகுதிகள்), கீற்றுக் கொட்டகையில் கூடும் பெந்தெகொஸ்தே சபைகளும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இருக்கின்றன. பங்குத்தந்தையைச் "சாமி" என்றும், லுத்தரன் போதகரை "ஐயர்" அல்லது "ஐயா" என்றும், பெந்தெகொஸ்தே ஊழியரைப் "பாஸ்டர்" என்றும் அழைக்கும் வழக்கத்தை அந்தந்த ஊரில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு சபையில் செபம், மற்றொன்றில் ஜெபம். இந்த ஓர் எழுத்தில் தவறினால்கூட, நாம் யாருடைய ஆள் என்ற கேள்வி எழுந்துவிடும்.

குருவானவரின் இசைவு அவசியம். ஆனால் அவர் சில ஆண்டுகளில் மாற்றலாகிவிடுவார். ஊரிலேயே இருக்கப்போகிறவர்களைக் கண்டுபிடிப்பதே உங்கள் வேலை. தேவாலயமான கோயிலின் சாவி யார் வீட்டில் இருக்கிறது, அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்த பூசணிக்காயையும் சேவலையும் ஏலம் விடுவது யார், அன்பியம் எனும் அண்டைவீட்டார் செபக்குழுவின் கூட்டத்துக்கு வீடு வீடாகச் சொல்லி அனுப்புவது யார், சாவு வீட்டில் முதலில் போய் நிற்பது யார் என்று பாருங்கள். பதவியில் இல்லாத ஒரு பெண்மணியின் பெயரே பெரும்பாலும் இந்தக் கேள்விகளுக்குத் திரும்பத் திரும்ப விடையாக வரும்.

பிறகு வீடு வீடாகச் சென்று ஒவ்வொருவரையும் தனித்தனியே சந்தியுங்கள். நடவுக் காலத்தில் பெண்கள் விடியுமுன் வயலுக்குப் போய்விடுவதால், இரவு ஏழு மணிக்குமேல் திண்ணையில் அரை மணி நேரம் கிடைத்தாலே பெரிது. ஆகஸ்ட் 29இல் வேளாங்கண்ணியில் கொடியேறி செப்டம்பர் 8 வரை திருவிழா நடக்கும் நாட்களில் பங்குகளில் யாரும் கிடைக்கமாட்டார்கள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்கால வெள்ளிக்கிழமைகளோ மிகவும் ஏற்றவை. சிலுவைப்பாதை வழிபாடு முடிந்தபின் மக்கள் உடனே கலைவதில்லை. நோட்டுப் புத்தகத்தை வெளியே எடுக்காதீர்கள். அதைக் கண்டவுடன் கணக்கெடுப்பு என்று நினைத்து, குறைகளை மனுவைப்போல் ஒப்பிக்கத் தொடங்கிவிடுவார்கள். எது உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். குழுக் கடனின் வாரத் தவணையைச் சொல்லும்போது குரல் தாழும். நிலத்தை அடகு வைத்துத் தானியம் வாங்கியவர்களின் கூக்குரலைச் சொல்லும் நெகேமியா ஐந்தாம் அதிகாரத்தை அந்த வீட்டுச் செபத்தில் வாசித்துப் பாருங்கள், விளக்கவுரை தேவைப்படாது.

சாதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி முதலில் இந்துக்களுக்கும், பின்னர் 1956இல் சீக்கியருக்கும், 1990இல் பௌத்தருக்கும் கிடைத்தது. தலித் கிறிஸ்தவர்களுக்கு இன்றும் இல்லை. வெளியே இப்படியென்றால், உள்ளே பல ஊர்களில் தெருவும் கல்லறையும் தனித்தனியாக இருக்கின்றன. இதைப் பேசினால் ஒற்றுமை குலையும் என்று நல்ல மனிதர்களே சொல்வார்கள். பேசாமல் கட்டிய அமைப்பு முதல் நெருக்கடியிலேயே பிளந்துவிடும் என்பது என் உறுதியான கருத்து. முதல் கூட்டத்தைக் காலனித் தெருவில் வையுங்கள். ஊர்த்தெருவார் அங்கு வரட்டும்.

முதலில் எடுக்கும் பிரச்சினை சிறியதாகவும், எல்லோருக்கும் பொதுவானதாகவும், வெல்லக்கூடியதாகவும் இருக்க வேண்டும். மயானப் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழியில் ஒரு பெரியவரின் பெட்டியைச் சம்பா வயல் வரப்பில் தூக்கிச் சென்றபோது, முன்னால் சென்றவர்களின் கால் முழங்கால்வரை புதைந்து, பெட்டி ஒரு பக்கமாகச் சரிய, அவருடைய மகள் தன் கையால் அதைத் தாங்கிப் பிடித்தபடியே கல்லறைவரை நடந்தார். அந்தப் பாதை கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதன்று. இந்துக்களும் அதே வரப்பில்தான் போகிறார்கள். எனவே அவர்களையும் முதல் நாளிலிருந்தே அழைக்க வேண்டும். இந்த வேலையோடு மதப்பிரசங்கத்தை ஒருபோதும் கலக்கக் கூடாது.

கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடத்தையும் நில விவரங்கள் எழுதிய அ-பதிவேட்டையும் கேட்டு, அங்கே பாதை பதிவாகியிருக்கிறதா என்று மக்களே பார்க்க வேண்டும். அடுத்து, தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில் தீர்மானம் கொண்டுவர வேண்டும். தீர்மானம் புத்தகத்தில் எழுதப்பட்டு, உரக்க வாசிக்கப்பட்ட பின்பே கையெழுத்துப் போடும்படி சொல்லிவையுங்கள். அதன் நகலோடு திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியரகத்தின் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போய், மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இங்கே நான் ஒருமுறை தவறினேன். மனுவை நானே எழுதி, நானே நீட்டி, நானே பேசினேன். அதிகாரி என்னைத் தாண்டிப் பின்னால் நின்றவர்களைப் பார்த்து, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டபோது, பன்னிரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அந்த மனு அங்கேயே செத்துப்போனது. அதற்குப் பிறகு, போவதற்கு முந்தைய இரவு கோயில் முற்றத்தில் ஒருவரை அதிகாரியாக நாற்காலியில் உட்காரவைத்து, பேசப்போகிறவர்கள் ஒவ்வொருவரையும் மூன்று முறையாவது பேசவைத்துப் பழக்குகிறேன். அக்காமார் சிரித்துக்கொண்டே தொடங்குவார்கள். மூன்றாவது முறை சொல்லும்போது சிரிப்பு நின்றிருக்கும். மறுநாள் அலுவலகத்தில் நீங்கள் கதவருகே, அவர்களுக்குப் பின்னால் நில்லுங்கள்.